சலசலக்கும் சுவிஃப்ட்டா, கடகடக்கும் வேகன்ஆரா?

என் மச்சானுக்கு மூன்று லட்சத்துக்குள் ஒரு பழைய கார் வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் விட, ஞாயிற்றுக்கிழமை அவிநாசியில் அத்தை வீட்டுக்குப் போய்வர. மாதம் 500 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். கோவையில் இரண்டு வாரம் அலைந்ததில் கடைசியில் மிஞ்சியவை இரண்டு: 2012 சுவிஃப்ட் டீசல், கேட்ட விலை 2.60 லட்சம்; அதே வருடத்து வேகன்ஆர் பெட்ரோல், 2.10 லட்சம். இரண்டிலும் வேலை இருக்கிறது.

சுவிஃப்ட் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. புது சீட் கவர், கண்ணாடி போல பாலிஷ். பானட்டில் கை வைத்தால் சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே புரோக்கர் ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார். சூடான எஞ்சினை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மறுநாள் காலை ஆறரைக்கே மெக்கானிக் அண்ணனோடு போய் நின்றோம். சாவியைத் திருப்பியதும் தகரத்தில் சங்கிலி உரசுகிற மாதிரி ஒரு சலசலப்பு, சில நொடிகளில் அடங்கிவிட்டது. டைமிங் செயின், அதாவது வால்வும் பிஸ்டனும் தாளம் தப்பாமல் இயங்க வைக்கும் சங்கிலி.

சுவிஃப்ட்டில் இருக்கும் 1.3 லிட்டர் டீசல், ஃபியட் உருவாக்கிய மல்டிஜெட் எஞ்சின். நல்ல எஞ்சின்தான். ஆனால் ஆயிலை நேரத்துக்கு மாற்றாதவர் கையில் சிக்கினால் செயின் தளர ஆரம்பித்துவிடும். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரே ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. செயின் பல் தாண்டினாலோ அறுந்தாலோ வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

அண்ணன் அதோடு விடவில்லை. எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி, தலைகீழாக அந்த வாயின் மேலேயே வைத்தார். மூடி தடதடவென்று ஆடி ஓரமாகச் சரிந்தது, பின்னாலேயே புகை. "பேக் கம்ப்ரஷன் அடிக்குதுங்க தம்பி." பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே கசிகிறது என்று அர்த்தம். செயினுக்கு 20,000, கிளட்சுக்கு 12,000 என்று கணக்குச் சொன்னவர், எஞ்சினுக்கு மட்டும் தொகை சொல்லவில்லை. "பிரிச்சாத்தான் தெரியும்."

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மச்சானுக்குப் போதவில்லை. டீசல் மைலேஜ் தரும், போட்ட காசு திரும்பிவிடும் என்றார்.

சரி, கணக்குப் போட்டோம். இந்த நிலையில் சுவிஃப்ட் லிட்டருக்கு 18, வேகன்ஆர் 15 தரும் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 101, டீசல் 93 என்று பிடித்தால் 500 கிலோமீட்டருக்கு மிச்சமாவது மாதம் சுமார் 800 ரூபாய். வருடத்துக்குப் பத்தாயிரம்கூட இல்லை. செயினும் கிளட்சுமே மூன்று வருட மிச்சத்தைத் தின்றுவிடும். அதற்குள் 2027-ல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவை, புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலிலேயே 5,000 ஆகிவிட்டது. அதற்காகப் புகை தள்ளுகிற டீசலோடு எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்குப் போய் நிற்பதை நினைத்துப் பாருங்கள். இந்தக் கட்டணம் வேகன்ஆருக்கும் உண்டு, ஆனால் அதில் புகை இல்லை.

வேகன்ஆரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பம்பரில் கீறல், டிக்கியில் ஒடுக்கு. வேகத்தடையில் ஏறி இறங்கினால் கடகடவென்று முன்பக்கம் பாத்திரம் உருட்டும். ஏ.சி. போட்டால் காற்று வரும், குளிர் வராது. இதற்கும் அதே மூடிச் சோதனை: மூடி லேசாக நடுங்கியதோடு சரி. உள்பக்கம் பால் டீ நிறத்தில் எதுவும் படியவில்லை, அதாவது ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டார். எஞ்சின் உடனே அணைந்துபோனது. கிளட்ச் பிடிக்கிறது. முன்பக்கக் கடகடப்புக்கு லோயர் ஆர்ம், புஷ், லிங்க் ராடு எல்லாம் சேர்த்து 9,000. ஏ.சி. கூலிங் காயில் கசிகிறது; டேஷ்போர்டைக் கழற்றி மாட்டுகிற கூலியோடு 11,000. முன் டயர் இரண்டுக்கு 7,000. மொத்தம் 27,000, பிரித்துப் பார்க்க வேண்டிய மர்மம் எதுவும் இல்லை.

நடுவில் மூன்றாவதாக ஒன்று வந்தது. சென்னை வண்டி, 2.90 லட்சம், "ஒரு வேலையும் இல்லை, எடுத்து ஓட்ட வேண்டியதுதான்" என்றார் விற்பவர். அண்ணன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவிக் காட்டினார். அடியில் ஒரு முழத்துக்குச் சேற்றுக் கோடு. 2015 டிசம்பரா, 2023 டிசம்பரா, எந்த வெள்ளத்தில் நின்றதோ! வயரிங்கில் புகுந்த தண்ணீர் எப்போது எதை நிறுத்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைவிட அந்த சலசலக்கும் சுவிஃப்ட்டே தேவலை, வியாதி எதுவென்றாவது தெரிகிறது.

மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், எஞ்சின் வேலைக்கென்று தனியாக ஒரு லட்சம் வைத்திருப்பவர் என்றால் சுவிஃப்ட்டை 1.60-க்குக் கேட்டுப் பார்க்கலாம். மச்சான் அந்த ஆள் இல்லை.

அண்ணன் துண்டுச் சீட்டில் எழுதித் தந்த 27,000 கணக்கை வேகன்ஆர் ஓனரிடம் அப்படியே நீட்டினோம். அரைமணி நேரப் பேச்சில் 1.85-க்கு இறங்கினார். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் அங்கேயே கையெழுத்து வாங்கியாகிவிட்டது. வண்டி இப்போது பட்டறையில் டேஷ்போர்டு இல்லாமல் நிற்கிறது. மச்சான் தினமும் ஆபீஸ் விட்டதும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்.