வேலைல இருந்துகிட்டே கம்பெனி ஆரம்பிக்கலாமான்னு கேக்க ஒரு வக்கீல் ஆபீஸ் போனேன், என் ரிவ்யூ

கோயம்புத்தூர்ல ஐடி கம்பெனில 7 வருஷமா இருக்கேங்க. மளிகைக் கடைக்காரங்களுக்கு பில்லிங் ஆப் பண்ணி விக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, ஆனா வீட்டு லோன் ஓடுது, வேலைய விட முடியாது. முதல்ல ஆன்லைன் பேக்கேஜ்காரங்க ஒருத்தங்கள கூப்பிட்டேன் (பேரு வேண்டாம்), பான் ஆதார் அனுப்புங்க பிரைவேட் லிமிடெட் போட்டு தரோம்னாங்க, எங்க வேலை பாக்கறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல.

அப்புறம் தான் ஃப்ரெண்டு சொல்லி காந்திபுரம் பக்கம் இந்த வக்கீல் ஆபீசுக்கு போனேன். மேடம் எடுத்தவுடனே கேட்டது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். 14 பக்கத்தையும் என் முன்னாடியே உக்காந்து படிச்சாங்க, நான் கூட அத முழுசா படிச்சதில்ல. வேலைய விட்ட அப்புறம் போட்டித் தொழில் பண்ணக் கூடாதுங்கற கண்டிஷன் 1872 ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவுப்படி பெரும்பாலும் செல்லாது, ஆனா சம்பளம் வாங்கிட்டு இருக்கற வரைக்கும் அதே கண்டிஷன் செல்லும், 1967லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்குன்னு பொறுமையா விளக்கினாங்க. நான் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சிருந்தேன். 2022ல விப்ரோ 300 பேர வேலைய விட்டு அனுப்பினது வேலைல இருக்கறப்பவே போட்டி கம்பெனிக்கும் வேலை பாத்தாங்கன்னு தான், அது அப்பத்தான் எனக்கு உறைச்சது.

மனசு கஷ்டமானது ஆப்போட கோட் (ப்ரோகிராம்) விஷயத்துல. மூணு வாரம் லஞ்ச் டைம்ல ஆபீஸ் லேப்டாப்ல எழுதி வச்சிருந்தேன். பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) 17-வது பிரிவுல, வேலையோட பாகமா எழுதினது வேற ஒப்பந்தம் இல்லன்னா கம்பெனிக்குத் தான் சொந்தம், உங்க ஆர்டர்ல கம்பெனி லேப்டாப்ல செய்யறது எல்லாமே அவங்களுதுன்னு வேற இருக்கு, அதத் தொடாதீங்க, சொந்த லேப்டாப்ல முதல்ல இருந்து எழுதுங்கன்னு சொல்லிட்டாங்க. சரி, மனைவி பேர்ல கம்பெனி போட்டுக்கலாமான்னு கேட்டேன். வேலைய நீங்க தான் பண்றீங்கன்னா பேரு மாத்தி பிரயோஜனம் இல்லன்னாங்க. டைரக்டர் பேரு எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) சைட்ல யார் வேணா பாக்கலாம், அதனால ஒளிச்சும் பண்ண முடியாது. எச்ஆருக்கு அனுமதி கேட்டு மெயில் அவங்களே டிராஃப்ட் பண்ணிக் குடுத்தாங்க, வாயால சரின்னு சொன்னா ஏத்துக்காதீங்க, எழுத்துல வாங்குங்கன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. தமிழ்நாடு கவர்மென்ட் வேலைல இருக்கறவங்களுக்கு இன்னும் கறார், 1973 அரசு ஊழியர் நடத்தை விதிப்படி முன் அனுமதி இல்லாம வியாபாரமே பண்ணக் கூடாதாம்.

ஃபீஸ் 1500, ஒன்றரை மணி நேரம் பேசினாங்க. குறைன்னா அப்பாயின்ட்மென்ட் வாங்கியும் 50 நிமிஷம் உக்கார வச்சாங்க, பைக் நிறுத்த இடமில்ல, ஜிஎஸ்டி இன்கம்டாக்ஸ் கேள்விக்கு எல்லாம் ஆடிட்டர பாருங்கன்னு அனுப்பிடறாங்க. 5க்கு 4 குடுப்பேன். இன்னும் கம்பெனி போடல, எச்ஆர் பதிலுக்கு வெயிட் பண்றேன், அதுல எனக்கு வருத்தமே இல்ல.

போறவங்க ஜாயின் பண்ணப்போ கையெழுத்து போட்ட எல்லா பேப்பரையும் பிரிண்ட் எடுத்துட்டு போங்க, போன்ல காட்டினா மேடம் படிக்க மாட்டாங்க.