சிடி-ஆர், டிவிடி-ஆர்: தோட்டத்து விழாப் பதிவுகளுக்கு எது ஏற்றது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், தீமிதித் திருவிழாவும் தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவும் பதிவான வட்டுகளைப் பல குடும்பங்கள் இன்றும் பாதுகாத்து வருவதால், அவற்றின் உள்ளமைப்பை அறிவது அவசியம்.

ஒருமுறை மட்டும் பதியக்கூடிய குறுவட்டான சிடி-ஆர் என்பது 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலிகார்பனேட் எனும் பிளாஸ்டிக் தகடு. அதன்மேல் கரிமச் சாயமும், ஒளியைத் திருப்பும் வெள்ளி அல்லது தங்கப் படலமும், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய அரக்குப் பூச்சும் இருக்கும். லேசரின் வெப்பம் சாயத்தை ஆங்காங்கே மாற்றுவதே பதிவாகும். அடிப்புறக் கீறலுக்கே பலரும் அஞ்சுகிறார்கள். உண்மையில், பெயர் எழுதும் மேற்புறத்தில் விழும் கீறல்தான் படலத்தையே பெயர்த்துவிடும்.

டிவிடி-ஆரில் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டு ஒட்டப்பட்டு, சாயமும் படலமும் நடுவில் அமைவதால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. சிடி-ஆரின் 700 மெகாபைட்டுக்கு எதிரே இதில் 4.7 கிகாபைட் அடங்கும். 780 நானோமீட்டர் அலைநீள லேசருக்குப் பதிலாக 650 நானோமீட்டர் லேசரைப் பயன்படுத்துவதால் தடங்களை நெருக்கி அமைக்க முடிகிறது.

காணொளிக்கு டிவிடி-ஆரே பொருந்தும். பஜனைப் பாடல்களுக்கு, தங்கப் படலமும், நீண்டகாலம் நிலைக்கும் தாலோசயனைன் என்ற சாயமும் கொண்ட சிடி-ஆரையே நான் பரிந்துரைப்பேன். எதுவாயினும், நம் ஊர்ப் புழுக்கமும் நேர்வெயிலும் சாயத்தைச் சிதைக்கும் என்பதால், இன்னொரு பிரதியை வன்தட்டிலும் வைத்திருக்க வேண்டும்.