மேலவை இடங்கள்: சமமாகவா, மக்கள்தொகைப்படியா?

அரசியலமைப்பு எழுதுவோரைப் பாடாய்ப்படுத்தும் கேள்வி இது.

எண்ணிக்கை
அமெரிக்க செனட்: கலிபோர்னியாவுக்கு 2, மக்கள் மிகக் குறைந்த வயோமிங்குக்கும் 2.
இந்திய மாநிலங்களவை: உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1.

பிறந்த விதம்
1787இல் அமெரிக்க அரசியலமைப்பை எழுதப் பிலடெல்பியாவில் கூடியபோது சிறிய மாநிலங்கள் பிடிவாதம் பிடித்தன. கீழவை மக்கள்தொகைப்படி, மேலவை சமமாக என்ற சமரசம், மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில், ஜூலை 16 அன்று 5-4 என்று மயிரிழையில்தான் தேறியது. மாசசூசெட்ஸ் பிரதிநிதிகள் இரண்டாகப் பிரிந்து நின்றதால் அதன் வாக்கு கணக்கில் வரவில்லை. இந்திய மாகாணங்களுக்கு அப்படிப் பேரம் பேசும் பலம் இல்லை.

மாற்றுவது
அங்கே: சம்பந்தப்பட்ட மாநிலம் சம்மதிக்காமல் அதன் சம உரிமையைக் குறைக்க முடியாது.
இங்கே: புது மாநிலம் உருவானால் சாதாரணச் சட்டமே, மாநிலங்களவை இடங்களைப் பட்டியலிடும் அரசியலமைப்பின் நான்காம் அட்டவணையை மாற்றிவிடும்.

தனித்தனி அரசுகள் கூடி ஒன்றாவதானால் சமப் பங்கு தராமல் முடியாது. ஏற்கெனவே ஒன்றாக இருக்கும் நாட்டுக்கு மக்கள்தொகைக் கணக்கே போதும், சிறிய மாநிலங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து.