வாடகை மேனேஜ்மென்ட் சர்வீஸ் ரிவ்யூ: ஆள் பிடிக்க ஓகே, மாசாமாசம் காசு குடுக்க வேண்டாம்

நாங்க இருக்கறது கோயமுத்தூர், ஃப்ளாட் வாங்குனது சென்னை நாவலூர்ல. ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) ஐடி கூட்டம் இருக்கு, வாடகைக்கு ஆள் கிடைச்சுட்டே இருக்கும்னு மச்சான் சொன்னாரு, அது நெஜம்தான். ஆனா இங்கிருந்து அங்க யாரு போய் வீடு காட்டறது, சாவி குடுக்கறது, குழாய் ஒழுகுனா பாக்கறது? அதுக்குத்தான் இந்த மாதிரி வாடகை மேனேஜ்மென்ட் கம்பெனி ஒண்ண புடிச்சோம். பேரு போடல, ஏன்னா விசாரிச்ச வரைக்கும் இந்த ஃபீல்டுல எல்லாரு அக்ரிமென்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கு. மொதோ தடவை வீடு வாங்கி வாடகைக்கு விடறவங்க படிச்சுக்கங்க.

மொதல்ல சார்ஜ். ஆள் புடிச்சுக் குடுக்க ஒரு மாச வாடகை, அதுக்கப்புறம் மாசாமாசம் வாடகைல 8%, ரெண்டுக்கும் மேல 18% ஜிஎஸ்டி. கேக்க சின்னதா தெரியும். கணக்கு போட்டுப் பாருங்க. ரீசேல் ஃப்ளாட், வெல 55 லட்சம், முத்திரைத்தாள் 7% பதிவு 2%ன்னு 4.95 லட்சம் போயி 60 லட்சத்துக்கு வந்துருச்சு (50 லட்சத்தத் தொட்டா வெலைல 1% டிடிஎஸ், அதாவது விக்கறவரோட வருமான வரில முன்கூட்டியே ஒரு பங்கு, புடிச்சு நாமதான் கட்டணும், அது விக்கறவரு காசுதான், ஆனா கட்ட மறந்தா நோட்டீஸ் நமக்குத்தான் வரும்). வாடகை 20,000. வருஷத்துக்கு 2.4 லட்சம். அதுல அசோசியேஷன் மெயின்டனன்ஸ் மாசம் 3,500ன்னு 42,000, சொத்து வரி ஒரு 5,000, மேனேஜ்மென்ட் ஃபீஸ் 22,656, மொதோ வருஷம் ஆள் புடிச்ச ஃபீஸ் 23,600. மிச்சம் 1.47 லட்சத்துக்கும் கீழ. போட்ட காசுக்கு ரெண்டரை பர்சன்ட் கூட இல்லீங்க, அதுவும் ஒரு மாசம் கூட காலியா கெடக்காம இருந்தா. லோன் வட்டி இதுல சேக்கவே இல்ல. வீட்டு வெல ஏறும்ங்கற நம்பிக்கைலதான் வாங்கறோம், வாடகைய நம்பி இல்ல, அப்படி இருக்கப்ப வர்ற கொஞ்சத்துலயும் 8% இன்னொருத்தருக்குங்கறது யோசிக்க வேண்டிய விஷயம். இன்கம் டாக்ஸ்லயும் இந்த ஃபீஸ தனியா கழிக்க முடியாது, சொத்து வரி போக மிச்சத்துல 30% ஸ்டாண்டர்டா கழிச்சுக்கலாம், எல்லாச் செலவும் அதுக்குள்ளயே அடங்கிருச்சுன்னு கணக்கு.

சரி, நல்லத சொல்லிடறேன். ஆள் புடிச்ச வேலை சூப்பர். வந்து கேட்டவங்ககிட்ட கம்பெனி ஐடி, சம்பள ஸ்லிப், பழைய ஓனர் நம்பர் எல்லாம் வாங்கிப் பேசிட்டுத்தான் எங்களுக்கு அனுப்புனாங்க. கல்யாணமாகாத பசங்களுக்கு குடுக்கலாமா, நான்வெஜ் சமைக்கலாமான்னு அவங்களே ஒரு ஃபில்டர் லிஸ்ட் நீட்டுனாங்க, அதெல்லாம் வேண்டாம், வாடகை ஒழுங்கா வந்தா போதும்னுட்டேன். குடி வர்றதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ செட்டுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. இபி மீட்டர் ரீடிங், கீசர் சீரியல் நம்பர், வாஷ் பேசின் ஓரத்துல இருந்த மயிரிழை மாதிரி கீறல், பால்கனி ஸ்லைடிங் கதவு கீழ் ட்ராக்ல ஒடஞ்ச பிளாஸ்டிக் வரைக்கும் எடுத்து, தேதி போட்டு, ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி பிடிஎஃப் ஆக்கிட்டாங்க. காலி பண்றப்ப அட்வான்ஸ்ல புடிக்கற சண்டை பாதி இங்கயே முடிஞ்சுரும்.

அடுத்து பேப்பர் வேலை. 11 மாசம் அக்ரிமென்ட் போட்டா பதிவே வேண்டாம்னு இன்னமும் புரோக்கருங்க சொல்லிட்டு திரியறாங்க. தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரி 22ல இருந்து புது வாடகைச் சட்டம் இருக்கு, எத்தன மாசமா இருந்தாலும் எழுத்துல ஒப்பந்தம் வேணும், அத வாடகை அதிகாரிகிட்ட பதிஞ்சு நம்பர் வாங்கணும். அரசோட டெனன்சி போர்ட்டல்லயே ஏத்தலாம். இவங்க அத செஞ்சு குடுத்தாங்க. அட்வான்ஸும் அப்படித்தான், வேற மாதிரி பேசி எழுதிக்கலன்னா மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது, காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள பிடித்தம் போக திருப்பிக் குடுக்கணும். சென்னைல பத்து மாசம் வாங்குன காலம் நெனப்புல நாங்க இருந்தோம், இவங்க 60,000 போதும்னு ஒரே பேச்சுல முடிச்சாங்க.

இப்ப கடுப்பு. அந்த 60,000த்த அவங்க அக்கவுன்ட்லயே வெச்சுக்கறோம்னு அக்ரிமென்ட்ல ஒரு வரி. எதுக்குன்னு கேட்டா "ப்ராசஸ் சார்". முடியாதுன்னு சொன்னதும் எடுத்துட்டாங்க, ஆக கேட்டாத்தான் எடுப்பாங்க. குடியிருக்கறவரே தொடர்ந்தா ஒவ்வொரு ரென்யூவலுக்கும் அரை மாச வாடகை, நிறுத்தணும்னா 60 நாள் நோட்டீஸ், நாளைக்கு அந்த வாடகைக்காரருக்கே வீட்ட வித்தா 1% கமிஷன், எல்லாம் கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல. கடைசிப் பக்கத்த மொதல்ல படிங்க.

ரிப்பேர் கதை தனி. ஃப்ளஷ் டேங்க் வால்வு போச்சு. பில்லு 1,850: விசிட், சாமான், லேபர், அதுக்கு மேல "கோஆர்டினேஷன்" 300. மாசம் 8% வாங்கறதே கோஆர்டினேட் பண்ணத்தானங்க? அடுத்த தடவை கிச்சன் குழாய்க்கு வாடகைக்கு இருக்கற தம்பியே நேரா போன் பண்ணி, "அண்ணா, செக்யூரிட்டி அண்ணன்கிட்ட பிளம்பர் நம்பர் இருக்கு, 400 ரூபாங்கறாரு, பண்ணிரட்டுமா"ன்னாரு. ஜிபேல அனுப்பிவிட்டேன், வேலை முடிஞ்சுது. லாரி தண்ணிக் காசு யாரு கட்டறதுன்னு ஒரு வெயில் காலத்துல பிரச்சன வந்தப்பவும் அசோசியேஷன் செக்ரட்டரிதான் பேசித் தீத்தாரு, கம்பெனி ரிலேஷன்ஷிப் மேனேஜர் மாறி புது ஆள் வந்து "உங்க ஃப்ளாட் எந்த பிளாக் சார்"னு கேட்டுட்டு இருந்தாரு.

வாடகை வரலன்னா அவங்க பாத்துப்பாங்கன்னு நெனச்சு எடுக்காதீங்க. ரிமைண்டர் மெசேஜ் போடுவாங்க, அவ்ளோதான். ரெண்டு மாச பாக்கி நின்னா வாடகை நீதிமன்றத்துக்கு போறது ஓனர் வேலை, வக்கீல் செலவும் ஓனருது.

வெளிநாட்டுல இருக்கறவங்க, இல்ல நாலஞ்சு வீடு வெச்சிருக்கறவங்களுக்கு அந்த 8% நியாயமா படலாம். ஒரே ஃப்ளாட்டு, அதே ஊரு இல்லன்னாலும் பஸ்ஸு ட்ரெயின்ல போய்ட்டு வர்ற தூரம்னா ஆள் புடிக்கற பேக்கேஜ் மட்டும் எடுங்க, போட்டோவும் பதிவும் அதுல சேந்து வருதான்னு கேட்டு எழுதி வாங்குங்க. 5க்கு 3 குடுக்கறேன், அந்த மூணும் மொதோ மாச வேலைக்கு. நாங்க 60 நாள் நோட்டீஸ் குடுத்துட்டோம், ரென்யூவல நாங்களே போர்ட்டல்ல ஏத்திக்கறோம், தம்பி வாடகைய ஒண்ணாந்தேதியே போட்டுடறாரு.