சிஎம்டிஏ நிலப் பயன்பாட்டுத் தேடல்: முதல் சல்லடைக்கு நல்லது, அட்வான்ஸ் கொடுக்கப் போதாது

சென்னையின் தெற்குப் புறநகரான வண்டலூர், கூடுவாஞ்சேரி பக்கம் மனை விற்பவர்கள் இப்போது மண்ணைவிட மெட்ரோவைத்தான் அதிகம் விற்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டருக்கு நீட்டிக்கும் முன்மொழிவு இருப்பது உண்மைதான். ஆனால் அந்த மனையில் வீடு கட்ட மாஸ்டர் பிளான், அதாவது எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுத்த திட்டம், இடம் கொடுக்கிறதா? அதைப் பார்க்கத்தான் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) இணையதளத்தில் இந்தத் தேடல். கட்டணம் கிடையாது.

கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்தால், 2008-இல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது மாஸ்டர் பிளான்படி அந்த நிலம் குடியிருப்பா, வணிகமா, தொழிற்சாலையா, விவசாயமா என்று வந்துவிடும். சிக்கல் உட்பிரிவு எண்களில். பட்டாவில் 112/3பி2 என்று இருக்கும். பிளான் தயாரான பிறகு பிரித்த எண் என்றால் தேடலில் கிடைக்காது. தாய் எண்ணை (இங்கே 112) போட்டுப் பார்த்து, எஃப்எம்பி எனும் நில அளவை வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரே சர்வே எண் இரண்டு மண்டலங்களில் விழுவதும் உண்டு. அப்போது உங்கள் துண்டு எந்தப் பக்கம் என்பதைத் திரை சொல்லாது, அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

பெரிய குறை ரயில் விஷயத்தில். மண்டலம் 'குடியிருப்பு' என்று வந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்ட ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும் என்பது இந்தப் பதிலில் வராது. அந்த 30 மீட்டரைத் தண்டவாளத்திலிருந்து அளப்பது வழக்கமான பிழை. ரயில்வே நிலத்தின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். புதிய பாதைக்கு நிலம் எடுக்க ரயில்வே சட்டம் 20ஏ பிரிவில் அறிவிப்பு வந்திருந்தால் அதுவும் இங்கே தெரியாது. அந்த அறிவிப்புக்கு ஆட்சேபம் சொல்ல 30 நாள்தான். பிறகு 20இ அறிவிப்பு வெளியானால் நிலம் மத்திய அரசின் கைக்குப் போய்விடும். ஆகவே சர்வே எண்ணை அரசிதழ் அறிவிப்பிலும் தேடுங்கள். விரிவான வளர்ச்சித் திட்டத்தில் (சிறு பகுதிக்கென நுணுக்கமாகத் தயாரிக்கும் திட்டம்) வரும் சாலைகளுக்கு அந்தந்தப் பகுதியின் வரைபடத்தைத் தனியே பார்க்க வேண்டும்.

எல்லையும் இடிக்கிறது. இந்த மாஸ்டர் பிளான் பழைய 1,189 சதுர கிலோமீட்டருக்கானது. 2022-இல் பெருநகரப் பகுதியை 5,904 ஆக விரித்தார்கள். விரிந்த பகுதிக்கு இந்தப் பிளான் பொருந்தாது. கிளாம்பாக்கம் பழைய எல்லைக்குள், அதே ரயில் பாதையில் இருக்கும் கூடுவாஞ்சேரி வெளியே. புறநகர் ரயிலுக்கு இந்தக் கோடு தெரியுமா என்ன! திட்டமும் ரயிலும் தனித்தனியே நடப்பதற்குக் கிளாம்பாக்கமே சாட்சி: பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது, எதிரிலேயே ரயில் பாதை, அன்று நிலையம் இல்லை.

புரோக்கர் சொல்வதைச் சரிபார்க்க இதைவிட வேகமான வழி இல்லை. வங்கிக் கடனுக்கோ கட்டட அனுமதிக்கோ இந்தத் திரை நகல் செல்லாது. மனை ரயில் பாதையை ஒட்டியிருந்தால், பட்டா, எஃப்எம்பி இரண்டையும் எடுத்துக்கொண்டு ரயில்வே கோட்டப் பொறியியல் பிரிவிலும் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.