பூட்டிய வீட்டில் 'ட்ரீம்லேண்ட்': கேசட்டா, சிடியா, வினைலா, ஸ்ட்ரீமிங்கா?

ட்ரான்ஸ் என்ற மின்னணு நடன இசை செய்த ராபர்ட் மைல்ஸின் முதல் ஆல்பம் 'ட்ரீம்லேண்ட்' 1996-இல் வந்தது. அதிலுள்ள 'சில்ட்ரன்' பாட்டின் பியானோ மெட்டை, யாருடையது என்று தெரியாமலேயே கேட்டவர்கள் நம் ஊரிலும் நிறைய. இன்றைக்கு அந்த ஆல்பத்தை முழுதாகத் திரும்பக் கேட்க நாலு வழி உண்டு: பழைய கேசட், பழைய சிடி, வினைல், ஸ்ட்ரீமிங். ஆள் குடியிருக்கும் வீட்டில் எதை வைத்தாலும் ஓடும். செட்டிநாட்டு வீட்டுக்குக் கணக்கு வேறு. பொங்கல், பிள்ளையார் நோன்பு, முன்னோருக்கான படைப்பு, கல்யாணம் என்று திறந்துவிட்டு, மீதி மாதமெல்லாம் பூட்டிப் போடுகிற வீட்டில் எது பிழைத்துக் கிடக்கும் என்பதுதான் இங்கே கேள்வி. என் கட்சி சிடி கட்சி. அதனால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம்.

ஆல்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ராபர்ட் மைல்ஸ் என்பது மேடைப் பெயர். ராபர்ட்டோ கொன்சீனா என்ற இவர் 1969-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த இத்தாலியர், 2017-இல் காலமானார். 'சில்ட்ரன்' பிறந்ததற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். யுகோஸ்லாவியப் போரில் அடிபட்ட குழந்தைகளை அவருடைய அப்பா படம் எடுத்து வந்திருந்தது ஒன்று. விடிய விடிய ஆடிவிட்டு வண்டி ஓட்டிப் போன இளைஞர்கள் இத்தாலியச் சாலைகளில் செத்துக்கொண்டிருந்த காலம் அது. வெளியே போகும் முன் கூட்டத்தைச் சாந்தப்படுத்த ஒரு பாட்டு வேண்டியிருந்தது என்பது இன்னொன்று. ஆட்டத்தை இறக்கி முடிக்கவே செய்த இசை என்பதால் அமைதியான இடங்கள் அதில் அதிகம். எந்த வடிவத்தில் கேட்பது என்ற முடிவையும் அந்த அமைதியான இடங்கள்தான் எடுக்கின்றன.

வாங்குமுன் பதிப்பைப் பாருங்கள். முதலில் வந்த ஐரோப்பியப் பதிப்பில் 10 பாட்டு. 'சில்ட்ரன்' இரண்டு முறை வரும்: ட்ரீம் வெர்ஷன் முதல் பாட்டாக, ஒரிஜினல் வெர்ஷன் கடைசிக்குப் பக்கத்தில். மரியா நேய்லர் பாடிய 'ஒன் அண்ட் ஒன்' பின்னால் வந்த பதிப்புகளில் சேர்த்தது. நல்ல பாட்டுதான், ஆனால் குரலே முன்னுக்கு வராமல் நகரும் ஆல்பத்தின் நடுவே ஒரு முழு பாப் பாட்டு உட்கார்ந்தால் ஓட்டம் மாறிவிடும். பழையபடி கேட்க வேண்டும் என்பவர் பின்னட்டையில் அந்தப் பெயர் இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஸ்ட்ரீமிங்கில் எந்தப் பதிப்பு கிடைக்கிறதோ அதுதான்.

கேசட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்றால் முடியாது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்த கேசட்டுகள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. 'டெக்கும் இருக்கிறது, கேசட்டும் இருக்கிறது, பிறகு என்ன செலவு?' என்று கேட்பார்கள். சிக்கல் பியானோவில் இருக்கிறது. பியானோவில் ஒரு சுரத்தை அடித்தால் அது ஆடாமல் நின்று அப்படியே தேயும். குரலிலும் நாதஸ்வரத்திலும் சுரத்தை அசைக்கும் கமகம் உண்டு. டேப் வேகம் லேசாக ஏறி இறங்கினாலும் அதில் கரைந்துவிடும். அதனால்தான் அதே டெக்கில் பழைய சினிமாப் பாட்டு கேட்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. 'சில்ட்ரன்' போட்டால் முதல் அரை நிமிடத்திலேயே சுரம் நெளிவது காதில் விழும்.

நெளிவுக்குக் காரணம் பெரும்பாலும் டெக்குதான். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் சீராக ஓட வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்திப் போட்ட டெக்கில், புல்லியை வளைத்து நின்ற இடத்தில் ரப்பர் பெல்ட் அப்படியே வளைந்து இறுகிவிடும். பிறகு ஓட்டும்போது அந்த மேடு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குலுக்கல் கொடுக்கும். மிகப் பழைய பெல்ட் தாராக உருகிக் கையில் ஒட்டும். நாடாவை அழுத்தும் ரப்பர் உருளையும் கெட்டிப்பட்டு வழுக்கும். கேசட்டுக்குள், நாடாவைப் படிக்கும் ஹெட்டுக்கு எதிரே இருக்கும் சின்னப் பஞ்சுத் திண்டு பசை காய்ந்து விழுந்துவிட்டால் சத்தம் மங்கிப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தால் அதை எந்த டெக்கிலும் போடாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். பெல்ட் மாற்றி, உருளை மாற்றி, ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து ஓட்டிக் கேட்கலாம்தான். ஆனால் அடுத்த பொங்கலுக்கு மறுபடி முதலிலிருந்து.

வினைலுக்கு ஒரு பத்தி போதும். ஒரு பக்கம் 20 நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்க வேண்டும். அதற்குச் சத்தத்தையும் பேஸையும் குறைத்துத்தான் வெட்டுவார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேர ஆல்பத்துக்கு இரண்டு தட்டாவது இல்லாமல் நியாயம் கிடைக்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிராமபோன் கிடைக்கும், ட்ரான்ஸ் தட்டை அங்கே தேட வேண்டாம். ட்ரான்ஸ் வினைலை நம் வெயிலில் பல வருஷம் வைத்துப் பார்த்த அனுபவம் எனக்குக் குறைவு. சினிமா எல்பிக்களில் கண்டதைச் சொன்னால், மாடி அறையில் படுக்கை வாட்டில் அடுக்கிய தட்டுகள் சித்திரைக்குள் வளைந்துவிடுகின்றன, நிறுத்தி வைத்தவை தாங்குகின்றன.

ஸ்ட்ரீமிங்கில் பராமரிப்பு கிடையாது என்பார்கள். குடியிருக்கும் வீட்டில் உண்மை. பூட்டிய வீட்டில் முதலில் இணைய இணைப்பே இருக்காது. போனில் இறக்கி வைத்துக்கொண்டு வரலாம் என்றால், ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தோடு தொடர்பு வேண்டும். அதனால் கிளம்புகிற வாரத்தில் ஒரு தடவை திறந்து பாருங்கள். வீட்டிலேயே விட்டுப்போகும் பழைய டேப்லெட்டுக்கு இந்த வழி ஆகாது. முகப்பில் வைத்த ரௌட்டர் வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டை எட்டுவதும் அபூர்வம், அந்தச் சுவர்களின் கனம் அப்படி. இதில் கேட்பவர் செட்டிங்ஸில், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யமாக்கி, வால்யூமைச் சமப்படுத்தும் வசதியையும் அணைத்துவிடுவது நல்லது.

இனி சிடி. பூட்டிய வீட்டில் தட்டு கெடுவது குறைவு, பிளேயர்தான் கெடும். தட்டிலிருந்து கோப்பு எடுத்துவிட்டால் பிளேயரை நம்பியிருக்கவும் வேண்டாம். மற்ற மூன்றுக்கும் இந்த வசதி இல்லை, அல்லது இருந்தும் அந்த வடிவத்தின் குறையோடுதான் வரும்.

பழைய தட்டு வாங்கும்போது கீழ்ப்பக்கக் கீறலைப் பார்த்து மிரள வேண்டாம். அங்கே 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் இருக்கிறது, லேசான கீறலைப் பாலிஷ் போட்டே எடுக்கலாம். பயப்பட வேண்டியது அச்சடித்த பக்கத்துக் கீறலுக்கு. பளபளக்கும் உலோகப் படலம் அந்த வார்னிஷுக்கு நேர் கீழே இருக்கிறது. அது பெயர்ந்தால் பெயர்ந்ததுதான். விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு ஊசிப்புள்ளி தெரிந்தால் பிளேயரின் பிழைதிருத்தம் சமாளித்துக்கொள்ளும், கொத்தாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். கீழ்ப்பக்கம் பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் அது வீட்டில் எழுதிய நகல்.

கோப்பு எடுக்க விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் போதும். செக்யூர் முறையைத் தேர்ந்து, 'டெஸ்ட் அண்ட் காப்பி' கொடுங்கள். ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை படிக்கும். படித்தது சரியா என்று காட்டும் சிஆர்சி எண் இரண்டு முறையும் ஒத்துப்போக வேண்டும். மற்றவர்கள் எடுத்த பிரதிகளோடு ஒப்பிடும் அக்யுரேட்ரிப் தரவோடும் பொருந்தினால் வேலை முடிந்தது. ஏதாவது ஒரு பாட்டில் மட்டும் எண் மாறினால் தட்டை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் புதுக்கீறல் தடத்தின் வாக்கிலேயே நீளமாக விழும், அதைப் பிழைதிருத்தம் தாங்காது. அப்படியும் சரியாகவில்லையா, வேறு டிரைவில் போடுங்கள். ஒரு டிரைவ் திணறும் தட்டை இன்னொன்று சுலபமாகப் படிப்பது சகஜம்.

சேமிப்பது ஃப்ளாக்கில், அதாவது தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகையில். சிடியில் ஒரு நிமிடம் சுமார் 10 எம்பி, முழு ஆல்பம் 600 எம்பிக்குப் பக்கம். ஃப்ளாக் ஆனால் ஏறத்தாழ 400. எம்பி3 எடுத்தால் இடம் மிச்சம், ஆனால் கோப்பின் முன்னும் பின்னும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும், பென்டிரைவ் போட்டுக் கேட்கும் பல ஆம்ப்களில் (ஆம்ப்ளிஃபையர்களில்) பாட்டுக்குப் பாட்டு ஒரு விக்கல் கேட்கும். பென்டிரைவை எஃப்ஏடி32 ஆக ஃபார்மட் செய்யுங்கள், பழைய ஆம்ப்கள் அதை மட்டுமே படிக்கும். சில ஆம்ப்கள் பெயர் வரிசையை விட்டுவிட்டு, காப்பி ஆன வரிசையிலேயே பாடும். 01, 02 என்று எண் கொடுத்து, வரிசை கலையாமல் மொத்தமாக ஒரே தடவையில் காப்பி செய்தால் இந்தத் தொல்லை இல்லை. சூட்டில் மின்சாரமில்லாமல் கிடக்கும் பென்டிரைவை நிரந்தரம் என்று நம்பவும் கூடாது. இன்னொரு பிரதி வெளியூரில் இருக்கட்டும். ஃப்ளாக் கோப்புக்குள்ளேயே எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் இருப்பதால், வீடு திறக்கும்போது ஃபூபார்2000 போன்ற மென்பொருளில் ஓட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தட்டாகவே போட்டுக் கேட்கிறவர்கள் மழைக்காலத்தில் வீட்டைத் திறந்ததும் போட்டுவிடாதீர்கள். பிளேயரை ஆன் செய்து ஒரு மணி நேரம் விட்டால் லென்ஸில் படிந்த ஈரம் போகும். ட்ரே திறக்காமல் முனகினால் பெல்ட் தளர்ந்திருக்கும். முதல் பாட்டு ஓடி, கடைசிப் பாட்டில் தட்டுத் தடுமாறினால் லேசர் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டக்கூடாது. லேசர் நகரும் தண்டில் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும். துடைத்துவிட்டுப் புதுக் கிரீஸ் துளி வைத்தாலே பாதி பிளேயர்கள் எழுந்துவிடும்.

மறுவிற்பனையை நினைத்து வாங்க வேண்டாம். உலகமெங்கும் ஏராளமாக விற்ற ஆல்பம், பழைய தட்டு மலிவு, மலிவாகவே இருக்கும்.

எந்த வடிவமானாலும் பட்டாலையில், அதாவது பெரிய கூடத்தில், வைத்து ஓட்டாதீர்கள். 'சில்ட்ரன்' நிமிடத்துக்கு ஏறத்தாழ 137 பீட் ஓடும். ஒரு பீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் அரை நொடிகூட இல்லை. ஆத்தங்குடிக் கல் தரையும் வழுவழுவென்ற சுண்ணாம்புப் பூச்சும் உயர்ந்த கூரையும் சேர்ந்த கூடத்தில் எதிரொலி அதைவிட அதிக நேரம் நிற்கும், ஒரு பீட்டின் வால் அடுத்த பீட்டின் மேல் விழுந்து பேஸ் குழம்பிவிடும். வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய சின்ன அறை போதும். தரையில் கனமான ஜமக்காளம், எதிர்ச்சுவரில் அடுக்கிய மெத்தை, ஸ்பீக்கர் மூலையிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி. தேக்குக் கதவின் தாழ்ப்பாள் பேஸுக்குக் கடகடக்கும். இடுக்கில் ஒரு துணியைச் செருகுங்கள்.