‘உடம்ப பாருங்க, வண்டிய நான் பாத்துக்கறேன்’ என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்கும் முன்

பெரிய நோயிலிருந்து தேறி வரும் பலர் பழைய பைக் ஒன்றை வாங்கி, எஞ்சினிலிருந்து பெயின்ட் வரை புதுப்பிக்கும் வேலையை ஆசையோடு எடுத்துக்கொள்கிறார்கள். மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கும்போது மனம் பற்றிக்கொள்ள ஒன்று வேண்டியிருக்கிறது. ஆனால் அவர்களால் பட்டறையில் போய் நிற்க முடியாது, குனிந்து பார்க்க முடியாது, குரலை உயர்த்திக் கேட்கவும் தெம்பு இருக்காது. ஏமாற்றுபவருக்கு இதைவிட வசதியான வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார். வீட்டுக்கே வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போவார், முன்பணம் வாங்குவார், அவ்வப்போது எஞ்சின் ஓடும் வீடியோ ஒன்று அனுப்புவார். அந்த வீடியோவை வைத்து எஞ்சினுக்குள் என்ன மாற்றினார் என்று எவராலும் சொல்ல முடியாது.

அப்படிப் போய்த் திரும்பிய ஒரு 150 சிசி ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியை முழுக்கப் பிரித்தபோது கண்டவை இந்தப் பதிவு. சொந்தக்காரர் கீமோதெரபி முடித்து ஓய்வில் இருந்தவர். பில்லில் இருந்தது: ரீபோர், புது பிஸ்டன், ரிங் செட், இரண்டு வால்வும் புதிது, டைமிங் செயின், முழு வயரிங், சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) பவுடர் கோட்டிங், டேங்க் பெயின்ட், கஃபே ரேசர் பாணியில் பின்பக்கத்தை வெட்டி ஒற்றை சீட். திரும்பி வந்து 600 கிலோமீட்டர் ஓடுவதற்குள் நீலப்புகை. ஆயில் அளவும் பாதிக்குக் கீழே போயிருந்தது.

பிஸ்டனிலிருந்து தொடங்குவோம். ரீபோர் என்றால் தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டனைப் போடுவது. இது பொதுவாக 0.25 மில்லிமீட்டர் படிகளில் போகும்: 0.25, 0.50, 0.75, 1.00. ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் அதன் தலையில் அந்த எண் பொறித்திருக்கும். இந்த வண்டியின் பிஸ்டன் தலையில் படிந்த கரியைத் துடைத்தபோது எந்த எண்ணும் இல்லை. கம்பெனியிலிருந்து வந்த ஸ்டாண்டர்டு பிஸ்டனே உள்ளே இருந்தது, அதன் ஓரம் முழுக்கப் பழைய செங்குத்துக் கீறல்கள். சிலிண்டர் சுவரில் ஹோனிங் (கடைந்த சுவரைக் கல்லால் உரசுவது) செய்த குறுக்குக்கோடுகள் ஒன்றுகூட இல்லை, கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது. மாற்றியது ரிங் மட்டும்தான்.

தேய்ந்து வழவழப்பான சுவரில் புது ரிங் படியாது. ரிங்கை சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்த்தோம். 0.75 மில்லிமீட்டர் தாராளமாகப் போனது. இந்த அளவு எஞ்சின்களில் அது பெரும்பாலும் 0.1 முதல் 0.3-க்குள் இருக்க வேண்டும். சிலிண்டரின் விட்டம் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் ரிங் இடைவெளி சுமார் 0.31 கூடும், விட்டத்துக்கும் சுற்றளவுக்கும் உள்ள கணக்குதான் அது. ஆக இந்த சிலிண்டர் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் தேய்ந்துபோனது, அதை லேத் தொடவே இல்லை. வண்டியைக் கொடுக்கும்போது ஏன் புகை வரவில்லை என்றால், உள்ளே கம்பெனி சொன்னதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றியிருந்தார்கள். சில நூறு கிலோமீட்டருக்கு அது சத்தத்தையும் புகையையும் அமுக்கி வைக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில வண்டிகளில் சிலிண்டர் அலுமினியத்தின் மேல் நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சு போட்டது. அந்த பிளாக்கைச் சாதாரணமாக ரீபோர் செய்ய முடியாது, மறுபடி பூச வேண்டும் அல்லது பிளாக்கையே மாற்ற வேண்டும். அப்படிப்பட்ட வண்டிக்கு ரீபோர் என்று பில் வந்தால், ஒன்று வேலையே நடக்கவில்லை, இல்லையென்றால் பிளாக் பாழாகிவிட்டது.

‘புது வால்வ்’ என்று எழுதியதும் பழைய வால்வ்தான். அரைத்த சுவடு, வால்வ் உட்காரும் வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. ஹெட்டைக் கழற்றி, வால்வ் மூடிய நிலையில் போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தால் எரியறைப் பக்கம் ஈரம் கசியக் கூடாது. இதில் எக்சாஸ்ட் வால்வ் ஓரம் ஒரு நிமிடத்துக்குள் நனைந்துவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட மோசமாக ஒன்று இருந்தது. கிராங்க்கேஸ் மூடியில் காகித கேஸ்கெட் போட வேண்டிய இடத்தில் சிலிக்கான் பேஸ்ட்டைப் பட்டையாக அப்பியிருந்தார்கள். போல்ட்டை இறுக்கும்போது வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்கியது ஆயிலில் விழும். ஆயில் சல்லடையைக் கழற்றினால் சிவப்புச் சிலிக்கான் புழுப்புழுவாகச் சுருண்டு, வலைக்கண்களில் பாதியை அடைத்திருந்தது. ஆயில் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் ஹெட்டில் இருக்கும் கேம் ஷாஃப்ட். அதனால் அதுதான் முதலில் பட்டினி கிடக்கும். இந்த வண்டியின் கேம் முகட்டில் நகத்தை ஓட்டினால் தடுக்கியது. எஞ்சின் கேஸ்களின் மேல் பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் அடித்துப் பளபளப்பாக்கித் தருகிறோம் என்பவர்களிடமும் இதே ஆபத்து இருக்கிறது. ஆயில் துளைகளை அடைத்துவிட்டு அடித்தார்களா, பிறகு கழுவிக் காற்றடித்தார்களா என்று கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

டிரெயின் போல்ட்டில் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப். அளவுக்கு மீறி முறுக்கி, கேஸின் மரையை அறுத்துவிட்டு, டேப்பால் மறைத்த வேலை அது. 12 மில்லிமீட்டர் டிரெயின் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் போதும். மரை போய்விட்டால் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே செருகும் கம்பிச் சுருள்) போட்டுச் சரிசெய்யலாம், அதைச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம்.

இனி அலங்கார வேலை. சட்டத்தின் பின்பகுதியை வெட்டி வளைவுக் குழாயை ஒட்டியிருந்தார்கள். குழாயோடு குழாயை முட்டவைத்து வெல்டிங் அடித்து, அழகுக்காக வெல்டிங் மேட்டை முழுக்க கிரைண்டரால் தேய்த்துவிட்டார்கள். உள்ளே சொருகுக் குழாய் கிடையாது. சீட்டின் எடை முழுக்க விழும் இடத்தில் மிச்சமிருந்தது ஓரத்தில் ஒட்டிய மெல்லிய உலோகம்தான். சரியான முறை, உள்விட்டத்துக்குப் பொருந்தும் குழாயைச் சில அங்குலம் இரு பக்கமும் சொருகி, வெளிக்குழாயில் துளையிட்டு அதன் வழியாகவும் பற்றவைத்து, பிறகு மூட்டைச் சுற்றிப் பற்றவைப்பது. மேலே பெயின்ட் ஏறிய பிறகு எதுவும் தெரியாது. ஆகவே பெயின்டுக்கு முன்னால் மூட்டின் படம் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பவுடர் கோட்டிங் என்பது பெயின்ட் பொடியைப் படியவைத்து சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் சுட்டெடுப்பது. கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) கிண்ணங்களைக் கழற்றாமல் சட்டத்தைச் சூளைக்குள் விட்டிருந்தார்கள். கிரீஸ் கருகி, பேரிங் உட்காரும் இடத்தில் பவுடர் படிந்து, ஹேண்டில் நடுவில் ஒரு இடத்தில் சிக்கிச் சிக்கித் திரும்பியது. எர்த் வயர் பிடிக்கும் இடத்தையும் பூசி மூடிவிட்டதால் ஸ்டார்ட்டர் முனகியது. புது பேட்டரி வாங்கச் சொல்லி அதற்கும் தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள். சட்டத்தில் பொறித்த எண்ணின்மேல் பவுடர் நிரம்பினாலோ, மணல் அடித்துத் தேய்ந்தாலோ வண்டி உங்களுடையது என்று நிரூபிப்பதே சிக்கலாகிவிடும். அந்த இடத்தை மறைத்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும்.

டேங்கில் காந்தத்தை வைத்துப் பார்த்தோம். இடப்பக்கம் கைப்பிடி அளவு இடத்தில் ஒட்டவே இல்லை, பள்ளத்தை நிரப்ப அவ்வளவு கனமாகப் பட்டி பூசியிருந்தார்கள். உள்ளே துருவை நீக்காமல் அதன்மேலேயே சீலன்ட் ஊற்றியிருந்தார்கள், அது செதில் செதிலாக உரிந்து, பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயை அடைத்தது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டு, கூம்பு ஃபில்டரை நேராக கார்புரேட்டரில் மாட்டியிருந்தார்கள். காற்று கூடிவிட்டது, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட் மட்டும் பழையதே. பிளக் முனை வெளுத்துக் கிடந்தது. இந்த நிலையில் நீண்ட தூரம் முறுக்கினால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வயரிங்கில் கம்பிகளைக் கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். மெயின் ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பி. பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஃபியூஸ் இல்லாத வயரிங் என்றால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இத்தனையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்திருக்கலாம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம். நடக்க முடியாதவர் கேட்க வேண்டியது அளவுகளின் படங்கள். பிஸ்டன் தலையில் உள்ள எண், ரிங் இடைவெளியில் நுழைந்த ஃபீலர் கேஜ், சிலிண்டர் விட்டத்தை அளக்கும் போர் கேஜின் முள், பெயின்டுக்கு முந்தைய வெல்டிங், பட்டி வைப்பதற்கு முந்தைய டேங்க். ஒவ்வொரு படத்திலும் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் இருக்க வேண்டும், அதில் அன்றைய தேதியும் சட்ட எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் எழுதச் சொல்லுங்கள். வேறு வண்டியின் படத்தை அனுப்புவது அப்போதுதான் நிற்கும். பணத்தையும் இந்தப் படங்கள் வர வர, பகுதி பகுதியாகக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தும் ஒரு பெட்டியில் திரும்ப வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ‘ஸ்கிராப்புல போட்டுட்டேன்’ என்ற பதில் வந்தால் அந்தப் பாகத்தை மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

வண்டி வீட்டை விட்டுப் போகும் முன் கார்புரேட்டர், சிடிஐ (பிளக்கின் தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் பெட்டி), ஸ்டார்ட்டர் மோட்டார், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றில் கண்ணில் படாத மூலையில் ஒரு சின்னக் கீறல் போட்டுப் படம் எடுத்து வையுங்கள். இந்த வண்டியில் கார்புரேட்டர் மாறியிருந்தது. நல்ல ஒரிஜினல் போய், பெயரே இல்லாத நகல் வந்திருந்தது. கீறல் இருந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம்.

திரும்பி வந்ததும் மூன்று சோதனை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கை வைத்துப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். இரண்டாவது, மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து, எஞ்சினைக் கொஞ்சம் உயர்த்தி ஓட்டினால் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். மூன்றாவது கம்ப்ரெஷன், பிளக் துளையில் கேஜ் மாட்டி சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைப் பார்ப்பது. எஞ்சின் சூடாக, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து, கேஜ் முள் ஏறாமல் நிற்கும்வரை சுழற்ற வேண்டும். குறைவாக இருந்தால் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் கோளாறு ரிங் அல்லது சிலிண்டரில், ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ. கிக்கரை நீங்கள் மிதிக்காதீர்கள், வேறொருவர் மிதிக்கட்டும்.

‘மிச்ச வேலைய நீங்களே வீட்ல முடிச்சிக்கலாம்’ என்று பாதியில் ஒப்படைப்பதும் நடக்கிறது. அப்போது உடம்பை நினைத்துப் பாருங்கள். வின்கிரிஸ்டின், பாக்ளிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் விரல் நுனியை மரத்துப்போகச் செய்யும். மரை சரியாக ஏறுகிறதா, சைலன்சர் சூடாக இருக்கிறதா என்று விரல் சொல்லாது. எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் எந்த போல்ட்டையும் இறுக்காதீர்கள். கீமோ போட்ட 7 முதல் 14 நாளில் ரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் வெள்ளணு பொதுவாக அடிமட்டத்துக்குப் போகும், அந்த நாட்களில் அழுக்கான இரும்பு கீறினால் சின்னக் காயமும் மருத்துவமனையில் கொண்டுபோய் விடும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்குக் கீறலே பெரிய விஷயம். மார்பெலும்பைத் திறந்து இதய அறுவை செய்தவர்களுக்கு எலும்பு கூடப் பொதுவாக 6 முதல் 12 வாரம் ஆகும், அதுவரை சென்டர் ஸ்டாண்டு போடுவதும் வண்டியைத் தள்ளுவதும் வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடும் எஞ்சினின் இக்னிஷன் காயில் மேல் குனியக் கூடாது, வெல்டிங் நடக்கும் இடத்தைவிட்டு விலகியிருக்க வேண்டும்.

ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலை ஒவ்வாமைக்கு ஆளாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கும். அபாய அளவில்கூட வாசனை எச்சரிக்காது, துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் தடுக்காது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியோடு ஸ்ப்ரே பூத்தில் அடிக்க வேண்டியது அது. தேறி வருபவர் இருக்கும் வீட்டு முற்றத்திலேயே ‘சும்மா ரெண்டு கோட்டு’ அடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நாம் பார்த்த வண்டிக்கு இப்போது 0.25 ஓவர்சைஸ் பிஸ்டனோடு நிஜமான ரீபோர் ஆகியிருக்கிறது. கேம் ஷாஃப்ட்டும் எக்சாஸ்ட் வால்வும் புதிது, மெயின் ஃபியூஸ் திரும்ப வந்துவிட்டது. பின்சட்டத்தை வெட்டியெடுத்து, சொருகுக் குழாயோடு மறுபடி பற்றவைக்க வேண்டியிருக்கிறது. அது முடியும்வரை வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கப்போவதில்லை.